கையெழுத்துப் போடும் பாரத்தில் ஓ-ஆர் யார், இ-இ யார்?

கேள்வி மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் இருந்து வந்திருக்கிறது. வீட்டைப் பெரிதாகக் கட்ட மகன் கடன் வாங்குகிறார். தோட்டத்தில் வேலை செய்த காலத்தில் அப்பா வாங்கிப் போட்ட நிலத்தை ஈடாக வைக்கிறார்கள். வங்கியின் லாயர் அனுப்பிய பத்திரத்தில் அப்பாவின் பெயருக்கு நேரே 'சார்ஜோர்', வங்கியின் பெயருக்கு நேரே 'சார்ஜீ' என்று இருக்கிறது. "எம்ப்ளாயர் சம்பளம் கொடுக்கிறார், எம்ப்ளாயீ வாங்குகிறார். அப்படியென்றால் கடன் கொடுக்கும் வங்கிதானே சார்ஜோர்? பெயர்கள் மாறி அச்சாகிவிட்டனவா? அப்பா கையெழுத்துப் போடலாமா?" என்று மகன் கேட்கிறார்.

அச்சுப் பிழை எதுவும் இல்லை. அப்பாதான் சார்ஜோர், வங்கிதான் சார்ஜீ. ஆனால் கையெழுத்துப் போடுவதற்கு முன் வேறு இரண்டு விஷயங்களைப் பார்க்க வேண்டும். அவை கீழே வருகின்றன. தோட்டப் பட்டணங்களில் ஒவ்வொரு குடும்பத்தின் கைக்கும் வரும் பாரங்களில் ஆங்கில எழுத்துக்கூட்டலில் ஓ-ஆர், இ-இ என்று முடியும் இந்தச் சொல் ஜோடிகள் நிறைய இருப்பதால், மற்றவற்றையும் சேர்த்தே எழுதுகிறேன்.

ஓ-ஆர் அல்லது இ-ஆர் என்று முடிபவர் ஒரு செயலைச் செய்பவர். இ-இ என்று முடிபவர், அந்தச் செயல் யாருக்குச் செய்யப்படுகிறதோ அவர். நாம் தடுமாறுவது, பணம் யார் கையில் இருந்து யார் கைக்குப் போகிறது என்று பார்ப்பதால்தான். பணத்தை விட்டுவிட்டு, அந்தச் சொல்லுக்குள் இருக்கும் வினை எது என்று பாருங்கள். 'எம்ப்ளாய்' என்பதற்கு வேலைக்கு வைத்துக்கொள்வது என்று பொருள். வைத்துக்கொள்பவர் எம்ப்ளாயர், வைத்துக்கொள்ளப்படுபவர் எம்ப்ளாயீ. சம்பளம் கொடுப்பதும் வாங்குவதும் அந்தச் சொல்லில் இல்லை. 'சார்ஜ்' என்பது நிலத்தின் மேல் கடன் பொறுப்பை ஏற்றுவது. தன் நிலத்தின் மேல் அப்படி ஏற்றிக் கொடுப்பவர் நிலத்துக்காரர், ஏற்றி வாங்கிக்கொள்வது வங்கி.

அடகுக் கடையை நினைத்துக்கொண்டால் இது உடனே பிடிபடும். நகையைக் கொண்டுபோய் அடகு வைப்பவர் நீங்கள், வாங்கி வைத்துக்கொள்பவர் கடைக்காரர். ஆகவே நீங்கள் பானோர், கடைக்காரர் பானீ. பணம் அவரிடம் இருந்து உங்களுக்கு வந்தாலும், அடகு உங்களிடம் இருந்து அவருக்குப் போகிறது. மற்ற நாடுகளின் ஆங்கிலப் பத்திரங்களில் வரும் மார்ட்கேஜர், மார்ட்கேஜீயும் இதே கணக்குத்தான். வீட்டுக்காரர் மார்ட்கேஜர், வங்கி மார்ட்கேஜீ. மலேசியாவில் 1965ஆம் ஆண்டு தேசிய நிலச் சட்டத் தொகுப்பு அதற்குப் பதில் 'சார்ஜ்' என்ற முறையை வைத்திருப்பதால் நம் கைக்குச் சார்ஜோர், சார்ஜீ வருகிறார்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். அதே பத்திரக் கட்டில் உள்ள கடன் ஒப்பந்தத்தில் அதே வங்கி 'லெண்டர்' என்று எழுதப்பட்டிருக்கும். அங்கே வினை கடன் கொடுப்பது, ஆகவே கொடுக்கும் வங்கி இ-ஆர். சார்ஜ் பத்திரத்தில் அதே வங்கி இ-இ. ஒரே நாளில் ஒரே மேசையில் கையெழுத்தாகும் இரண்டு தாளில் ஒரே நிறுவனம் இப்படி இரண்டு முடிவோடு நிற்பது சட்டப்படி சரியே.

இந்த முடிவுகள் பழைய இங்கிலாந்து நீதிமன்றங்களின் பிரெஞ்சு மொழியில் இருந்து வந்தவை. 1066இல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்தபின் சட்டமொழியாகப் பிரெஞ்சு வேரூன்றியது. வழக்காடுவது ஆங்கிலத்தில் இருக்க வேண்டும் என்று 1362இல் சட்டம் வந்தும் சட்டச் சொற்கள் பிரெஞ்சாகவே தங்கிவிட்டன. இ-இ என்பது 'செய்யப்பட்ட' என்ற பொருள் தரும் பிரெஞ்சு விகுதி. அதனால்தான் அன்றாடப் பேச்சைவிடப் பத்திரங்களிலும் பாரங்களிலும் இது அதிகம் வருகிறது. உச்சரிப்பிலும் ஓர் அடையாளம் உண்டு. இ-இ முடிவில் அழுத்தம் கடைசி அசையில் விழும்: எம்ப்ளா-யீ, லெஸ்-ஸீ, நாமி-னீ. சார்ஜோர் என்பதில் லாயர்கள் கடைசி 'ஓர்' ஒலியை வேண்டுமென்றே இழுத்துச் சொல்வார்கள், கேட்பவர் மாற்றிப் புரிந்துகொள்ளக் கூடாது என்பதற்காக. எழுத்தில் அது ஓ-ஆர். இ-ஆர் போட்டால் கைப்பேசிக்கு மின்னேற்றும் கருவியாகிவிடும்.

இப்போது அப்பாவின் பத்திரம். அது பாரம் 16ஏ ஆக இருக்க வேண்டும். அதில் சார்ஜோர் என்று வருபவர் நிலப்பட்டாவில் பெயர் உள்ளவர். கடன் வாங்குபவரும் அவரும் ஒரே ஆளாக இருக்க வேண்டியதில்லை. இங்கே கடன் வாங்குபவர் மகன், அவர் 'பாரோவர்'. அப்பா கடன் வாங்கவில்லை, ஆனால் நிலம் அவருடையது. மூன்றாம் தரப்புச் சார்ஜ் என்பார்கள். மகன் தவணையை நிறுத்தினால், தவறு ஒரு மாதம் நீடித்தபின், சார்ஜோரான அப்பாவின் பெயருக்கே பாரம் 16டி அறிவிப்பு வரும். குறைந்தது ஒரு மாத அவகாசம் தந்து, அதற்குள் சரிசெய்யாவிட்டால் ஏலத்துக்குப் போவோம் என்று சொல்லும் தாள் அது. பல வீடுகளில் 'இது மகன் விஷயம்' என்று அதைப் பிரிக்காமலே வைத்துவிடுகிறார்கள். அந்த ஒரு மாதம் அப்படியே கழிந்துவிடுகிறது.

முதலில் பார்க்க வேண்டியது இது. அதே கட்டில் 'கேரண்டி' என்று இன்னொரு பத்திரம் இருக்கிறதா, அதில் 'கேரண்டோர்' என்ற இடத்தில் அப்பாவின் பெயர் இருக்கிறதா? சார்ஜோராக மட்டும் இருந்தால் அவர் ஈடாகக் கொடுத்தது அந்த நிலத்தை. கேரண்டோராகவும் கையெழுத்துப் போட்டால் நிலத்தை விற்றும் தீராத பாக்கிக்கு அவருடைய மற்றச் சொத்தும் சேமிப்பும் பொறுப்பாகும். இரண்டுக்கும் ஒரே நாளில் ஒரே லாயர் அலுவலகத்தில் கையெழுத்து வாங்குவது வழக்கம். 'எல்லாம் ஒன்றுதான், போடுங்கள்' என்று யாராவது சொன்னால் நிறுத்தி, இது சார்ஜா கேரண்டியா என்று தாள் தாளாகக் கேளுங்கள். கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை.

இரண்டாவது, பட்டா எண்ணும் அடையாளக் கார்டு எண்ணும். அப்பாவிடம் இரண்டு நிலம் இருந்தால் 16ஏயில் எந்தப் பட்டா எண் இருக்கிறது என்பதை மூலப் பட்டாவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கடன் முழுதும் அடைந்தபின் வங்கி பாரம் 16என்னில் சார்ஜை விடுவிக்க வேண்டும், அது நில அலுவலகத்தில் பதிவாக வேண்டும். வங்கிக் கணக்கில் பாக்கி இல்லை என்று வந்துவிட்டால் மட்டும் பட்டாவில் உள்ள குறிப்பு தானாக அழியாது.

கேரண்டோரைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஜாமீன் கையெழுத்து நம் பட்டணங்களில் பல உறவுகளை முறித்திருக்கிறது. இ-இ என்று முடியும் 'கேரண்டீ' ஓர் ஆளைக் குறிப்பது அரிது. பெரும்பாலும் உறுதியையோ பத்திரத்தையோதான் குறிக்கும். கேரண்டோர் என்பவர்தான் ஆள், மலாயில் பென்ஜாமின். 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 81ஆம் பிரிவுப்படி, ஒப்பந்தம் வேறு மாதிரி சொல்லாவிட்டால், ஜாமீன் கொடுத்தவரின் பொறுப்பு கடன் வாங்கியவரின் பொறுப்புக்குச் சமம். 'முதலில் அவரிடம் கேட்டு, கிடைக்காவிட்டால்தான் என்னிடம் வருவார்கள்' என்ற நம்பிக்கைக்கு அங்கே இடமில்லை. திவால் சட்டத்தில் 2017 அக்டோபர் 6 முதல் நடப்புக்கு வந்த திருத்தம் 'சோஷியல் கேரண்டோர்' என்ற பிரிவினரைக் காப்பாற்றுகிறது. லாப நோக்கமில்லாமல் ஒருவரின் கல்விக் கடனுக்கோ, சொந்த உபயோக வாகனத்துக்கோ, குடியிருக்கும் வீட்டுக் கடனுக்கோ ஜாமீன் நின்றவரைத் திவாலாக்க முடியாது. கடனே இல்லை என்று அதற்குப் பொருள் கொள்ளாதீர்கள். வழக்குப் போட்டு, தீர்ப்பு வாங்கி, சொத்தை ஜப்தி செய்யும் வழிகள் திறந்தே இருக்கின்றன. வியாபாரக் கடனுக்கு ஜாமீன் நின்றவருக்கு இந்தப் பாதுகாப்பும் இல்லை.

அந்தப் பத்திரங்களில் கடன் வாங்கியவரைப் 'பிரின்சிபல் டெட்டர்' என்றும் கடனின் அசலைப் 'பிரின்சிபல் சம்' என்றும் எழுதுவார்கள். இது பி-ஏ-எல் முடிவு, முதன்மையானது என்று பொருள். பள்ளித் தலைமையாசிரியருக்கும் அதே எழுத்துத்தான். பி-எல்-இ முடிவு கொள்கையைக் குறிக்கும், கடன் பத்திரத்தில் அதற்கு அநேகமாக வேலை இல்லை. வங்கிக்குக் கடிதம் எழுதும்போது அசல் எவ்வளவு என்று கேட்பதற்குப் பி-எல்-இ போடுவது மிகச் சாதாரணமாக நடக்கும் பிழை.

அடுக்குமாடியில் வீடு வாங்கியவர்களுக்குச் சார்ஜோருக்குப் பதில் 'அசைனோர்' வரலாம். தனிப் பட்டா இன்னும் வெளியாகாமல், முழு நிலத்துக்கும் ஒரே பட்டாவாக இருக்கும்போது, வாங்கியவருக்கு நிலத்தின் மேல் சார்ஜ் ஏற்றும் நிலை இல்லை. அவரிடம் இருப்பது மேம்பாட்டாளரோடு செய்துகொண்ட விற்பனை ஒப்பந்தத்தின் உரிமைகள்தான். அந்த உரிமைகளை வங்கிக்கு மாற்றிக் கொடுப்பார். மாற்றிக் கொடுப்பவர் அசைனோர், பெற்றுக்கொள்ளும் வங்கி அசைனீ. பிற்பாடு தனிப் பட்டா வந்ததும் பெயர் மாற்றத்துக்குப் பாரம் 14ஏ, சார்ஜுக்கு 16ஏ என்று மீண்டும் கையெழுத்து இருக்கும், செலவும் இருக்கும். 14ஏயில் கொடுப்பவர் டிரான்ஸ்பரர், வாங்குபவர் டிரான்ஸ்பரீ. அண்ணன் தம்பிக்குள் நிலத்தை மாற்றும்போது இந்தக் கட்டங்களை மாற்றி நிரப்பினால் நில அலுவலகம் பாரத்தைத் திருப்பிவிடும்.

தோட்ட வீடுகளில் இருப்பவர்கள் கூர்ந்து பார்க்க வேண்டியது லெஸ்ஸீ, டெனன்ட், லைசென்சீ என்ற மூன்று சொற்களை. மூவரும் பிறருடைய இடத்தில் இருப்பவர்கள்தான், ஆனால் உரிமை ஒன்றல்ல.

லெஸ்ஸோர் என்பவர் குத்தகைக்கு விடுபவர், லெஸ்ஸீ எடுப்பவர். தேசிய நிலச் சட்டத் தொகுப்பில் மூன்று ஆண்டுக்கு மேற்பட்டதுதான் லீஸ். அதைப் பாரம் 15ஏயில் பதிவு செய்ய வேண்டும். முழு நிலத்துக்கும் அதிகபட்சம் 99 ஆண்டு, நிலத்தின் ஒரு பகுதிக்கு 30 ஆண்டு. மூன்று ஆண்டு அல்லது அதற்குக் குறைந்த காலத்துக்கு என்றால் அது டெனன்சி, இருப்பவர் டெனன்ட். காய்கறி போடவோ மாட்டுக் கொட்டகை போடவோ பத்து ஆண்டுக்கு நிலம் எடுத்து, வெற்றுத்தாளில் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்பவர்கள் தங்களை லெஸ்ஸீ என்றே நினைத்திருப்பார்கள். பதிவு இல்லாவிட்டால் நிலம் கைமாறும்போது புதிய உரிமையாளர் முன் அவர்கள் நிலை பலவீனம்.

லைசென்சீ என்பவர் அனுமதி பெற்று இருப்பவர், அவ்வளவே. இடத்தின் மேல் அவருக்கு எந்தப் பங்கும் கிடையாது. வேலையோடு சேர்த்துத் தரப்படும் வீட்டில் இருப்பவரைச் சட்டம் பெரும்பாலும் லைசென்சீயாகவே பார்க்கிறது. வேலை முடிந்தால் அனுமதியும் முடிகிறது. மூன்று தலைமுறையாக ஒரே வரிசை வீட்டில் இருந்தோம், பூச்செடி வைத்தோம், பின்பக்கம் சமையல்கட்டு இழுத்துக் கட்டினோம் என்பவை மனத்துக்குப் பெரியவை. ஆனால் ஒப்பந்தத்தில் லைசென்சீ என்று இருந்தால் அவை மட்டும் உங்களை டெனன்ட் ஆக்கிவிடாது. நிலம் மேம்பாட்டுக்கு விற்கப்பட்டபோது பல தோட்டக் குடும்பங்கள் இந்தச் சொல்லின் கனத்தை அப்போதுதான் தெரிந்துகொண்டன. அது நியாயமான முறையில்லை என்று நான் உறுதியாக நினைக்கிறேன். வேலைக்குச் சேரும் அன்றே அவரவர் மொழியில் விளக்கியிருக்க வேண்டிய சொல் அது.

டெனன்டாக இருந்தால் என்ன மாறும்? 1950ஆம் ஆண்டின் குறித்த பரிகாரச் சட்டம், 7ஆம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவு, டெனன்சி முடிந்தபின்னும் குடியிருப்பவர் இருந்தால் நீதிமன்ற நடவடிக்கை வழியாக மட்டுமே இடத்தை மீட்க வேண்டும் என்கிறது. பூட்டை மாற்றுவது, சாமானை வெளியே வைப்பது போன்றவை செல்லாது. அந்த உட்பிரிவு பேசுவது டெனன்சியைப் பற்றி. ஆகவே நீங்கள் யார் என்பது முக்கியமாகிறது. தாளில் எழுதிய பெயரை மட்டும் பார்த்து நீதிமன்றம் முடிவு செய்துவிடுவதில்லை. வீடு முழுக்க உங்கள் வசம் தனியாக இருந்ததா, வாடகை கட்டினீர்களா, இரு தரப்பும் என்ன எண்ணத்தில் இருந்தார்கள் என்றும் பார்க்கும். அதனால் சம்பளச் சிட்டையில் 'சேவா' (மலாயில் வாடகை) என்று பிடித்தம் இருந்தால், அந்தச் சிட்டைகளை எறியாமல் வருட வாரியாக வைத்திருங்கள். வேலை விட்டு, சம்பளத்தில் பிடிக்காமல் தனியாக வாடகை வாங்கி அதே வீட்டில் இருக்கவிட்டால் அந்த ரசீதுகள் இன்னும் முக்கியம்.

எழுத்துக்கூட்டல் பற்றி ஒரு சிறு விஷயம். மலேசியாவில் நாம் பின்பற்றும் பிரிட்டிஷ் முறையில் உரிமம் என்ற பெயர்ச்சொல்லுக்குக் கடைசியில் சி-இ, உரிமம் வழங்குவது என்ற வினைக்கு எஸ்-இ. வினையில் இருந்து பிறப்பதால் லைசென்சீக்கு எப்போதும் எஸ்தான். அறிவுரைக்கும் இதே முறை: பெயருக்கு சி, வினைக்கு எஸ். அங்கே உச்சரிப்பும் மாறுவதால் தவறு குறைவு.

எம்ப்ளாயர், எம்ப்ளாயீ புரிகிறது என்று கேள்வியில் இருந்தாலும், சிட்டையில் அந்த இரண்டு சொற்களுக்கு நேரே இருக்கும் எண்களைப் பலர் சரிபார்ப்பதில்லை. 60 வயதுக்குக் குறைந்த மலேசியருக்கு ஊழியர் சேமநிதியில் எம்ப்ளாயீ பங்கு 11 விழுக்காடு. எம்ப்ளாயர் பங்கு, மாதச் சம்பளம் 5,000 வெள்ளி (ரிங்கிட்) வரை 13 விழுக்காடு, அதற்கு மேல் 12 விழுக்காடு. 1,700 வெள்ளி சம்பளத்துக்குக் கணக்குப் போட்டால் எம்ப்ளாயீ 187, எம்ப்ளாயர் 221, மொத்தம் 408. சம்பளத்தில் இருந்து பிடிக்க வேண்டியது 187 மட்டும். 221 முதலாளியின் கைப்பணம், அதை உங்கள் சம்பளத்தில் பிடிக்கக் கூடாது. சிட்டையில் 408 பிடித்திருந்தால், அல்லது 'எம்ப்ளாயர்' என்ற வரி பிடித்தப் பக்கத்தில் கூட்டப்பட்டிருந்தால், அது எழுத்துப் பிழை என்று விட்டுவிடக் கூடாது. மலாயில் மஜிக்கான் என்பது எம்ப்ளாயர், பெக்கெர்ஜா என்பது எம்ப்ளாயீ. சேமநிதி அறிக்கையில் இரண்டும் தனித்தனி வரியாக வரும். ஒரு மாதச் சந்தா அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் போய்ச் சேர வேண்டும், ஆகவே அதற்குப் பிறகு பார்த்தால் தெரிந்துவிடும். தொழிலாளர் சமூகக் காப்புறுதியான சொக்சோவின் முதல் பிரிவில் எம்ப்ளாயர் ஏறக்குறைய 1.75 விழுக்காடு, எம்ப்ளாயீ 0.5 விழுக்காடு. வேலை காப்புறுதியில் இருவருக்கும் 0.2 விழுக்காடு வீதம்.

செம்பனைக் குலை வெட்டுபவர்களுக்கும் மருந்தடிப்பவர்களுக்கும் இன்னொரு சிக்கல் உண்டு. 'நீ எம்ப்ளாயீ இல்லை, கான்ட்ராக்டர்' என்று சொல்லி சேமநிதியும் சொக்சோவும் கட்டாமல் விடுவது. வேலைச் சட்டத்தில் 2023 ஜனவரி 1 முதல் 101சி என்ற பிரிவு இருக்கிறது. எழுத்து ஒப்பந்தம் இல்லாத நிலையில், வேலை செய்யும் முறையையும் நேரத்தையும் மற்றவர் கட்டுப்படுத்தினால், கருவிகளை அவர் தந்தால், அந்த வேலை அவருடைய தொழிலின் ஒரு பகுதியாக இருந்தால், அவருக்கு மட்டுமே செய்யப்பட்டால், தவணை தவறாமல் வரும் அந்தக் கூலியே வருமானத்தின் பெரும்பகுதியாக இருந்தால், இவற்றில் ஏதேனும் ஒன்று இருந்தாலும், எதிர்ச் சான்று வரும்வரை செய்பவர் எம்ப்ளாயீ என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும். தொழிலாளர் அலுவலகத்துக்குப் போகும்போது யார் வேலை நேரம் குறித்தார், அரிவாளும் தெளிப்பானும் யாருடையவை என்பதற்குச் சான்று கொண்டுபோங்கள். வாட்ஸ்அப் செய்தியும் உதவும்.

அடுத்தது நாமினேட்டர், நாமினீ. சேமநிதியிலும் காப்புறுதியிலும் பெயர் கொடுப்பவர் நீங்கள், நீங்கள் குறிப்பிட்ட ஆள் நாமினீ. மலாயில் பெனாமா. மலாயில் செய்பவரைக் குறிக்க வரும் 'பெ' என்ற முன்னொட்டைப் பார்த்து 'செய்பவர்' என்று நினைக்க வேண்டாம், பெனாமா பெயர் குறிக்கப்பட்டவர்தான். நம் ஊரில் பிறர் பெயரில் சொத்து வைத்திருப்பவரைப் பினாமி என்பதையும் இதோடு குழப்ப வேண்டாம். பங்குச் சந்தையில் பிறருக்காகப் பங்குகளைத் தன் பெயரில் வைத்திருக்கும் நிறுவனத்துக்கும் நாமினீ என்றுதான் பெயர், அது வேறு பொருள்.

நாமினீ என்றால் பணம் அவருக்கே சொந்தம் என்று எல்லா இடத்திலும் சொல்ல முடியாது. முஸ்லிம் அல்லாத உறுப்பினர் சேமநிதியில் குறித்த நாமினீ அந்தப் பணத்தைத் தனக்கே உரியதாகப் பெறுகிறார். காப்புறுதியில் உறவைப் பொறுத்து மாறும். 2013ஆம் ஆண்டு நிதிச் சேவைகள் சட்டத்தின் 10ஆம் அட்டவணைப்படி, முஸ்லிம் அல்லாதவர் தன் கணவனையோ மனைவியையோ பிள்ளையையோ நாமினீயாகப் போட்டால் அங்கே ஒரு டிரஸ்ட் உண்டாகிறது. பணம் அவர்களுக்கே, இறந்தவரின் கடன்காரர்கள் அதைத் தொட முடியாது. பெயர் குறிக்கும் நேரத்தில் துணையும் பிள்ளையும் உயிரோடு இல்லை என்றால் தாய் தந்தைக்கும் அதே நிலை. தங்கையையோ அண்ணன் மகனையோ போட்டால் அவர்கள் பணத்தை வாங்கி, உயில்படியோ வாரிசுச் சட்டப்படியோ பங்கிட வேண்டிய 'எக்ஸிக்யூட்டர்' மட்டுமே. கல்யாணத்துக்கு முன் தங்கையின் பெயரைப் போட்டு, பின் மாற்றாமல் விடுபவர்கள் உண்டு. தங்கை தன் பணம் என்று நினைப்பார், மனைவி ஏமாற்றப்பட்டதாக நினைப்பார். இருவருக்குமே சட்டம் சொல்வது தெரிந்திருக்காது. டிரஸ்ட் உண்டானபின் டிரஸ்டீயின் எழுத்துச் சம்மதம் இல்லாமல் நாமினீயை மாற்ற முடியாது என்பதும், உயில் எழுதி நாமினீயை நீக்க முடியாது என்பதும் பலருக்குப் புதிய செய்தி.

டிரஸ்டீ என்ற சொல்லில் இ-இ இருந்தும் அவர் லாபம் பெறுபவர் அல்ல. சொத்து அவரை நம்பி ஒப்படைக்கப்பட்டது, பலன் இன்னொருவருக்கு. மலாயில் பெமெகாங் அமானா என்பது இந்தப் பொருளைத் தெளிவாகவே சொல்கிறது. கூட்டுறவுச் சங்கப் பங்கு வைத்திருக்கும் குடும்பங்களும் நாமினீ கட்டத்தைப் பார்க்க வேண்டும். தோட்டங்கள் துண்டாடப்பட்ட நாளில், 1960இல் துன் சம்பந்தன் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தின் பழைய பங்குகள் தாத்தா, பாட்டி பெயரில் இன்னும் பல வீடுகளில் இருக்கின்றன. உறுப்பினர் காலமாகிவிட்டால் வரும் கடிதங்களில் 'எஸ்டேட் ஆஃப்' என்று தொடங்கி அவர் பெயர் இருக்கும். அது தோட்டத்தைக் குறிக்காது. இறந்தவர் விட்டுச் சென்ற சொத்து முழுதையும், அதாவது மலாயில் பூசாக்கா என்பதைக் குறிக்கும்.

வேலை தேடும் பிள்ளைகளுக்கு: விண்ணப்பத்தில் 'ரெஃபரீ' என்று கேட்டால், உங்களைப் பற்றி விசாரிக்க நிறுவனம் யாரை அணுகலாமோ அவருடைய பெயர், பதவி, தொலைபேசி எண்ணை எழுத வேண்டும். விசாரணை அவரிடம் அனுப்பப்படுவதால் அவர் இ-இ. இந்த வேலை இருக்கிறது என்று உங்களுக்குச் சொல்லி அனுப்பியவர் 'ரெஃபரர்', அவருக்குப் பாரத்தில் தனிக் கட்டம் இருக்கலாம். ரெஃபரீயின் சம்மதம் வாங்காமல் பெயர் போடாதீர்கள். இன்டர்வியூவர் கேட்பவர், இன்டர்வியூவீ பதில் சொல்பவர். டிரெய்னீ பயிற்சி பெறுபவர். காசோலையில் எழுதிக் கொடுப்பவர் டிராயர், எந்த வங்கிக்கு உத்தரவோ அது டிராயீ, பெறுபவர் பேயீ. குறுக்கே 'அக்கவுன்ட் பேயீ ஒன்லி' என்று இருந்தால் அந்தப் பெயருள்ள கணக்கில்தான் போட முடியும், கடையில் கொடுத்து மாற்ற முடியாது.

முறைக்கு அடங்காத சொற்களும் இருக்கின்றன. கூட்டத்துக்கு வருபவர் அட்டெண்டீ, ஓய்வு பெற்றவர் ரிட்டையரீ. இருவரும் தாங்களே செயலைச் செய்பவர்கள், ஆனாலும் இ-இ. பேச்சுவழக்கில் விகுதி இப்படிப் பரவிவிட்டது. பணமும் பொறுப்பும் மாறும் சட்டச் சொற்களில் இந்தக் குழப்பம் மிகக் குறைவு.

கார், மோட்டார் சைக்கிள் வாங்கும்போது வரும் சொல் மட்டும் ஏமாற்றும். 1967ஆம் ஆண்டு தவணைக் கொள்முதல் சட்டத்தில் தவணை கட்டி வண்டியை ஓட்டுபவர் 'ஹையரர்', நிதி தரும் வங்கி 'ஓனர்'. ஹையரீ என்று யாரும் இல்லை. வாடகைக்கு எடுப்பதுதான் அங்கே வினை, எடுப்பவர் நீங்கள், ஆகவே இ-ஆர். வண்டி உங்கள் வாசலில் நின்றாலும் கடைசித் தவணை வரை ஓனர் வங்கிதான், அந்த உரிமைக் குறிப்பு சாலைப் போக்குவரத்து இலாகாவான ஜேபிஜேயின் பதிவில் இருக்கும். அதற்குள் இன்னொருவரிடம் பணம் வாங்கிக்கொண்டு, 'மீதியை நீ கட்டு' என்று வண்டியை ஒப்படைத்தால், பத்திரத்தில் ஹையரர் நீங்களாகவே இருப்பீர்கள். அவர் கட்டாவிட்டால் வழக்கு உங்கள் மேல்தான் வரும். கடனை முடித்தபின், வங்கி அந்தக் குறிப்பை ஜேபிஜேயில் நீக்கிவிட்டதா என்று பார்த்துக்கொண்டு வண்டியை விற்கப் பேசுங்கள்.